பழைய காரின் டிக்கிக்கு இரண்டாவது வழி

பழைய கார் வைத்திருப்பவர்களின் பேச்சு பெரும்பாலும் கார்புரேட்டரையும் பிரேக்கையும் பெயிண்டையும் சுற்றியே வரும். டிக்கியைத் திறக்கும் பொறியைப் பற்றி யாரும் தாமாகப் பேச்செடுத்து நான் கேட்டதில்லை. அது பழுதாகும் நாளில்தான் கவனம் அதன்மேல் செல்கிறது. அன்று மாற்றுச் சக்கரம், ஜாக்கி, கருவிப்பை எல்லாம் மூடிக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும். சில கார்களில் பேட்டரியும் அங்கேயே இருக்கும். பழைய காரில் முதலில் சீர்செய்ய வேண்டியவற்றுள் டிக்கியின் பூட்டையும் கொக்கியையும் சேர்க்க வேண்டும் என்பதும், எந்தப் புதிய வசதியை இணைத்தாலும் ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளில் அந்த மூடி திறந்தாக வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், எங்கள் வீட்டு டட்சன் 120ஒய் காரில் நான் செய்துள்ள வேலைகளையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சிங்கப்பூரில் இந்த அக்கறைக்குத் தனிக் காரணம் உண்டு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் சேரும் கார் குறைந்தது 35 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு ஆண்டுக்கு 45 நாள்தான் அதைச் சாலையில் ஓட்டலாம். மற்ற 320 நாளும் அது நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. தீபாவளி, பொங்கல், உறவினர் வீட்டுத் திருமணங்கள், சில ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் என்று நாங்கள் பார்த்துப் பார்த்துத்தான் அதை வெளியே எடுக்கிறோம். நாள்தோறும் ஓடும் காரில் கதவுகளும் மூடிகளும் அசைந்துகொண்டே இருப்பதால் கிரீஸும் உராயும் இடங்களில் திரும்பத் திரும்பப் பரவும். நிற்கும் காரில் அது நடப்பதில்லை. அதோடு இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90 விழுக்காட்டையும் தாண்டிவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் கூரை மழையைத் தடுக்கும், காற்றில் உள்ள ஈரத்தைத் தடுக்காது. கொக்கியின் உட்பகுதியில் துரு பிடிப்பதற்கு அந்த ஈரமே போதும்.

கொக்கி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதைப் பேணும் முறை விளங்கும். காரின் உடலில் ஒரு வளையமோ குமிழோ பொருத்தப்பட்டிருக்கும்; அதை ஸ்டிரைக்கர் என்பார்கள். அதைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி மூடியில் இருக்கும். சில கார்களில் இவை இடம் மாறியும் இருக்கும். மூடியை அழுத்தும்போது கொக்கி சுழன்று ஸ்டிரைக்கரைப் பற்றுகிறது. பற்றியதும் தடுப்பு நாக்கு ஒன்று ஸ்பிரிங்கின் விசையால் அதன் பின்னால் விழுந்து அதைத் திரும்பவிடாமல் நிறுத்துகிறது. திறப்பது என்பது அந்தத் தடுப்பு நாக்கை ஓரிரு சென்டிமீட்டர் நகர்த்துவது மட்டுமே. சாவியால் திருகினாலும், கேபிளால் இழுத்தாலும், வெற்றிட விசையால் அசைத்தாலும், மின்சாரத்தால் இழுத்தாலும் கடைசியில் நகர்வது அதே நாக்குதான். ஆகவே அந்த நாக்கு தன் அச்சில் தடையின்றி அசையாதவரை மேலே எந்த நவீன வசதியைப் பொருத்தினாலும் பயனில்லை. வலுவான மோட்டாரைப் பொருத்தித் துருப்பிடித்த கொக்கியை வெல்லப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த முயற்சியில் முதலில் உடைவது நெம்பாகவோ கேபிளாகவோ இருக்கும். கொக்கி அப்படியே இறுகிக் கிடக்கும்.

எனவே சுத்தம் செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். பல ஆண்டுக்கு முன்பு தடவிய கிரீஸில் இருந்த எண்ணெய் மெல்ல வற்றி, அதைத் தாங்கியிருந்த சோப்புப் பகுதி மட்டும் தூசியோடு சேர்ந்து ஆறிய வெல்லப்பாகு போல இறுகியிருக்கும். அதன்மேல் புதுக் கிரீஸைப் பூசினால் இறுகியது கரையாது. கொக்கியைக் கழற்றுவதற்கு முன்பு, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றியும் ஸ்டிரைக்கரின் அடித்தகட்டைச் சுற்றியும் மெல்லிய மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் துளைகள் சற்றே நீளமாக, நகர்த்திச் சரிசெய்வதற்கென்று அமைக்கப்பட்டவை. கோடு இல்லாவிட்டால் பழைய இடத்தைத் தேடுவதிலேயே மாலை கழிந்துவிடும். கழற்றிய கொக்கியை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, முழுவதும் உலர்ந்த பிறகு அச்சுகளிலும் நாக்கின் முனையிலும் ஸ்டிரைக்கர் உராயும் பரப்பிலும் வெள்ளை லித்தியம் கிரீஸைக் குறைவாகத் தடவினால் போதும். அதிகமாகப் பூசினால் அது தூசியைத்தான் சேர்க்கும்.

டபிள்யூடி-40 பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1953இல் உருவான அந்தத் திரவத்தின் பெயரே ஈரத்தை விலக்குவதற்கான நாற்பதாவது கலவை என்பதைக் குறிக்கிறது. இறுகிய போல்ட்டை இளக்கவும், நனைந்த இணைப்பை உலர்த்தவும் அது நல்ல உதவி. நீண்ட நாள் உயவுக்கு அது போதாது. அதன் மெல்லிய பகுதி ஆவியான பின் எஞ்சும் எண்ணெய், 320 நாள் நிற்கப்போகும் கொக்கிக்குக் காவலாக நிற்காது. சாவித் துளைக்குள் அதையோ வேறு எண்ணெயையோ விடுவதை நான் முற்றிலும் தவிர்க்கிறேன். சாவி நுழையும் உருளையான சிலிண்டருக்குள் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒவ்வொன்றும் மயிரிழை இடைவெளியில் ஏறி இறங்க வேண்டியவை. எண்ணெயும் தூசியும் சேர்ந்த பசை அவற்றைப் பிடித்து நிறுத்திவிடும். அங்கே உலர் வகை உயவுப் பொருளே ஏற்றது. கிராஃபைட் தூளோ டெஃப்ளான் கலந்த உலர் ஸ்பிரேயோ, ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே எண்ணெய் விடப்பட்ட பூட்டில் கிராஃபைட்டைத் தூவினால் கறுப்புச் சேறுதான் உருவாகும்.

சாவியும் பூட்டின் ஒரு பகுதிதான். நாற்பது ஆண்டு தேய்ந்த சாவியிலிருந்து நகல் எடுத்தால் அந்தத் தேய்மானமும் நகலில் வந்துவிடும். அந்த நகலிலிருந்து எடுக்கும் அடுத்த நகல் இன்னும் மோசமாக இருக்கும். அனுபவமுள்ள பூட்டுக்காரரிடம் சிலிண்டரையே கழற்றிக் கொடுத்தால், உள்ளே உள்ள தகடுகளின் உயரத்தை அளந்து புதுச் சாவியை வெட்டித் தருவார். அப்படி வெட்டிய சாவி கையில் வந்தபோது, பூட்டே புதிதாகிவிட்டதோ என்று நினைக்கும்படி அது இலகுவாகத் திரும்பியது.

கொக்கி நன்றாக இருந்தும் திறப்பது கடினமாக இருந்தால் மூடியின் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் காரை நெடுநாளாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர், "தம்பி, மூடியச் சாத்தும்போது சத்தத்தக் கேளுங்க. ஒரே சத்தமா விழணும். சாத்தின பிறகு மேல இழுத்தா ஆடக்கூடாது, கீழ அமுக்கினாலும் இறங்கக்கூடாது" என்பார். மூடியை அமுக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினால் மட்டும் திறக்கிறது என்றால், சுற்றியுள்ள ரப்பர் பட்டை மூடியை மேலே தள்ளுகிறது, அந்த விசை முழுவதும் தடுப்பு நாக்கின்மேல் இறங்குகிறது என்று பொருள். புதிதாக வாங்கிய ரப்பர் பட்டை பழையதைவிடத் தடித்தோ கெட்டியாகவோ இருக்கும்போது இது அடிக்கடி நேர்கிறது. ஸ்டிரைக்கரை ஒரு மில்லிமீட்டர் அளவு உயர்த்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அளவுக்கு மீறி உயர்த்தினால் ரப்பர் அழுந்தாமல் மழைநீர் உள்ளே வரும். ஒரு துண்டுத் தாளை ரப்பருக்கும் மூடிக்கும் நடுவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பது எளிய சோதனை. தாள் இறுக்கத்தோடு வர வேண்டும், எந்த மூலையிலும் தானாக நழுவக்கூடாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் இந்தத் தாள் சோதனையை நான் அலட்சியம் செய்வதில்லை. உள்ளே புகும் நீர் மாற்றுச் சக்கரக் குழியில் தேங்கும். அங்கே தொடங்கும் துரு வெளியே தெரிவதற்குள் தகடு ஓட்டையாகிவிடும். ரப்பருக்குப் பெட்ரோலியக் கிரீஸ் ஆகாது, அது ரப்பரை ஊதச் செய்யும். சிலிகோன் கிரீஸ் நல்லது. ஆனால் காரை விரைவில் பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சிலிகோன் ஸ்பிரேயை அருகில் கொண்டுபோகவே கூடாது. தகட்டில் படியும் அந்தப் படலத்தால் புதுப் பெயிண்டில் குழிகள் விழும்.

மூடியைத் தூக்கி நிறுத்தும் முறுக்குக் கம்பிகளைத் தனியாகக் கழற்றுவதை மட்டும் பழக்கமில்லாதவர்கள் செய்ய வேண்டாம். அவற்றில் அடங்கியிருக்கும் விசை கையை முறிக்கக்கூடியது.

இனி திறக்கும் வழிகளுக்கு வருகிறேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நெம்பை இழுத்து டிக்கியைத் திறக்கும் கேபிள் முறை பல ஜப்பானியக் கார்களால் இங்கே எல்லோருக்கும் பழக்கமானது. 1896இல் எர்னஸ்ட் பௌடன் காப்புரிமை பெற்ற கேபிள்தான் அதன் அடிப்படை: அழுந்தாத உறைக்குள் இழுபடும், பல இழைகளை முறுக்கிச் செய்த கம்பி. உறைக்குள் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிப்பதும், முனையில் திருகால் நசுக்கப்பட்ட இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடுவதும் இதன் வழக்கமான நோய்கள். நெம்பு வழக்கத்தைவிடச் சற்று அதிக தூரம் இழுபட ஆரம்பித்தால் இழைகள் அறுபடத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். அன்றே மாற்றிவிடுவது நல்லது.

மாற்றுவதற்கு அசல் பாகம் கிடைக்காவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை. மிதிவண்டிக் கடையில் கிடைக்கும் பிரேக் கேபிள் இதற்கு மிகப் பொருத்தமானது. அதன் உட்கம்பி 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர் தடிமன்; கியர் கேபிளின் 1.1 அல்லது 1.2 மில்லிமீட்டர் கம்பியைவிட வலுவானது. உறையும் பிரேக் வகையாகவே இருக்கட்டும். கம்பியை உறைக்குள் செலுத்தும் முன் கிரீஸ் தடவி, வளைவுகளை முடிந்தவரை அகலமாக வைத்து, உறையின் இரு முனையும் அசையாதபடி பிடிமானம் கொடுத்தால் பல ஆண்டுக்கு வரும். முனையில் ஒருமுறை ஈயம் வைத்துவிட்டால் இழைகள் பிரியா.

கேபிள் ஒன்றையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் நல்ல எடுத்துக்காட்டு. அதன் எஞ்சின் பின்னால் இருப்பதால் பொருள் வைக்கும் இடம் முன்னால் வந்துவிட்டது. மாற்றுச் சக்கரமும் அங்கேதான். 1968 மாடலுக்கு முந்திய பீட்டில்களில் பெட்ரோல் ஊற்றும் வாயும் அந்த முன்மூடிக்குக் கீழேதான் இருந்தது. கேபிள் அறுந்தால் பெட்ரோல் கூட ஊற்ற முடியாது. 1968 மாடலில்தான் ஊற்றும் வாய் வெளிப்பக்கத்துக்கு மாறியது. பழைய போர்ஷ 911 உரிமையாளர்கள் பலர் முன்மூடிக் கொக்கியில் இரண்டாவது கம்பி ஒன்றைக் கட்டி மறைவான இடத்தில் விட்டுவைக்கிறார்கள். அவர்களுடைய காரில் பேட்டரியும் அந்த மூடிக்குக் கீழேதான் இருக்கிறது.

வெற்றிட முறை இன்று அரிதாகிவிட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த சில அமெரிக்கக் கார்களில், டாஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டிக்குள் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எஞ்சினின் உறிஞ்சு விசை ரப்பர் குழாய் வழியாகப் பின்னால் சென்று ஒரு சவ்வை இழுத்துக் கொக்கியை விடுவிக்கும். 1986 வரை தயாரான மெர்சிடிஸ் டபிள்யூ123இல் கதவுகளையும் டிக்கியையும் பெட்ரோல் மூடியையும் ஒருசேரப் பூட்டுவது இதே விசைதான். அந்தக் காரின் டீசல் வகையில் எஞ்சினை நிறுத்துவதும் வெற்றிடமே என்பதால், டிக்கியிலோ கதவிலோ உள்ள ஒரு சவ்வு கிழிந்து காற்று கசிந்தால் சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடக்கூடும். பழுது முன்னால் தெரியும், காரணம் பின்னால் இருக்கும். கையால் இயக்கும் வெற்றிடப் பம்பு ஒன்றும் அதன் அளவுமானியும் இருந்தால் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே இழுத்துப் பார்த்துக் கசியும் இடத்தைப் பிடித்துவிடலாம். சவ்வு சரியாக இருந்து மூட்டு ரப்பர்கள் மட்டும் இறுகியிருந்தால் அவற்றை மாற்றினாலே போதும்.

மின்சார முறையைத்தான் இப்போது பலரும் விரும்புகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு, இரு கையிலும் பையோடு சாவியைத் தேடும் சிரமம் வேண்டாம் என்று நானும் எங்கள் டட்சனில் ஒரு சொலினாய்டை, அதாவது மின்சாரம் பாய்ந்தால் நடுத்தண்டை உள்ளே இழுக்கும் கம்பிச்சுருளை, பொருத்தினேன். பாகங்கள் எல்லாம் சிம் லிம் டவரிலும் ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளிலும் கிடைத்தன. பொருத்தும் முறையில்தான் கவனம் தேவை. சொலினாய்டு அரை நொடிக்கு 10 ஆம்பியர் அளவுக்கு மின்சாரத்தை இழுக்கக்கூடும். அதைச் சிறிய பொத்தான் வழியாக நேரடியாக ஓடவிட்டால் பொத்தானின் தொடுமுனைகள் கருகிவிடும். பொத்தான் ஒரு ரிலேயை, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சை, மட்டும் இயக்கட்டும், ரிலே சொலினாய்டை இயக்கட்டும். ரிலேயின் 85, 86 முனைகள் சுருளுக்கு, 30 பேட்டரிக்கு, 87 சொலினாய்டுக்கு. பேட்டரியிலிருந்து கம்பி புறப்படும் இடத்துக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். நடுவழியில் கம்பியின் உறை தேய்ந்து தகட்டைத் தொட்டால் அதுதான் தீயைத் தடுக்கும்.

கம்பியின் தடிமனில் சிக்கனம் பார்க்கக்கூடாது. 5 மீட்டர் நீளமும் அரைச் சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் உள்ள செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 1.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு 0.34 வோல்ட் மட்டுமே. சொலினாய்டின் இழுவிசை அதன் தண்டு முழுவதும் உள்ளே சென்ற நிலையில்தான் மிக அதிகம், வெளியே நீண்டிருக்கும்போது மிகக் குறைவு. ஆகவே தண்டு கொஞ்ச தூரமே நகர்ந்து நாக்கை விடுவிக்கும்படி நெம்பின் நீளத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தும் நேரம் மட்டும் இணையும் பொத்தானே வேண்டும். அழுத்தினால் அப்படியே நிற்கும் சுவிட்சை வைத்தால் சொலினாய்டு சூடாகி எரிந்துவிடும். மின்சாரம் நிற்கும் கணத்தில் சுருள் எழுப்பும் எதிர்மின்னழுத்தத்தை அடக்க, ரிலேச் சுருளின் குறுக்கேயும் சொலினாய்டின் குறுக்கேயும் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும், 1என்4007 போன்ற டயோடு ஒன்றைப் போட வேண்டும். பல பழைய பிரித்தானியக் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதால், அங்கே டயோடின் திசையும் தலைகீழாகும். தொடக்ககாலப் பீட்டில்களோ 6 வோல்ட் கார்கள். 12 வோல்ட் சொலினாய்டு அவற்றில் போதிய விசையோடு இழுக்காது.

தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் வேண்டாம் என்று நான் முடிவு செய்ததற்கு ஒரு சிறு கணக்கே காரணம். ரிமோட்டின் சைகைக்காகக் காத்திருக்கும் பெட்டி 20 மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 0.48 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி தீர 47 நாள் போதும். நாள்தோறும் ஓடும் காருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆண்டில் பெரும்பகுதி நிற்கும் காருக்கு இது பேட்டரியைக் கொல்லும் வழி. இதற்காகவே கிளாசிக் கார் வைத்திருப்போர் பலர் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சைப் பொருத்துகிறார்கள். துண்டித்தபின் மின்சாரத்தால் திறக்கும் எதுவும் திறக்காது. 1959இல் அறிமுகமான அசல் மினியில் பேட்டரி டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காரில் சாவிப் பூட்டை எடுத்துவிட்டு மின்பொறியை மட்டும் வைத்தால், பேட்டரி இறங்கும் நாளில் பேட்டரியை அடைவதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பேட்டரியை அடைய வேண்டும். மூடியை வழவழப்பாக்குவதற்காகச் சாவித் துளையை அடைத்துப் பெயிண்ட் அடிக்கும் பழக்கத்தை நான் வன்மையாக மறுப்பது இதனால்தான்.

சாவியே வேலை செய்யாத நிலையில் பின் இருக்கையைக் கழற்றி உள்ளே கைவிடலாம் என்று சிலர் எண்ணக்கூடும். எல்லாக் கார்களிலும் அது முடியாது. முன்னே சொன்ன டபிள்யூ123இல் பின் இருக்கைக்குப் பின்னால் பெட்ரோல் தொட்டி நிற்கிறது.

எங்கள் காரில் உள்ள இரண்டாவது வழி, முன்னே சொன்ன மிதிவண்டிப் பிரேக் கேபிள்தான். கொக்கியின் நாக்கில் சொலினாய்டு இழுக்கும் அதே நெம்பில், ஆனால் தனித் துளையில், அதன் முனையைக் கோத்திருக்கிறேன். அங்கிருந்து டிக்கியின் பக்கச் சுவரை ஒட்டி, பின்விளக்குக் கம்பிகள் ஏற்கெனவே செல்லும் துளை வழியாக, பின் இருக்கையின் கீழ் வந்து ஒரு சிறு வளையத்தில் முடிகிறது. புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. சொலினாய்டும் கொக்கியின் பழைய போல்ட்டுகளிலேயே தாங்கி நிற்கும் ஒரு தகட்டில்தான் இருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் தாங்கிய தகட்டில் துளையிட்டால் அங்கே துரு தொடங்கும் என்பது ஒரு காரணம். கிளாசிக் காரின் மதிப்பு அதன் அசல் நிலையில் இருக்கிறது என்பது இன்னொன்று. மாற்றங்கள் எவையாயினும் ஆணையத்தின் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஐயம் இருந்தால் கேட்டுத் தெளிந்த பிறகே கைவைக்க வேண்டும்.

அந்தக் கேபிளுக்கு இன்னொரு கிளையும் உண்டு. எனக்கு மிக முக்கியமான வேலை அதுதான். டிக்கிக்குள் இருப்பவர் தாமே திறந்துகொண்டு வெளியே வர ஒரு கைப்பிடி.

1995இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜேனட் ஃபென்னல் என்பவரும் அவர் கணவரும் கடத்தப்பட்டுத் தங்கள் காரின் டிக்கிக்குள்ளேயே அடைக்கப்பட்டனர். உள்ளே ஓடிய திறப்புக் கேபிளைத் தேடிக் கண்டுபிடித்து இழுத்து அவர்கள் உயிர் தப்பினார்கள். அதன் பிறகு எல்லாக் கார்களிலும் உள்ளிருந்து திறக்கும் வசதி வேண்டும் என்று அவர் இயக்கம் நடத்தினார். 1998 கோடையில், மூன்றே வாரத்துக்குள் நடந்த மூன்று நிகழ்வுகளில், அமெரிக்காவில் 11 குழந்தைகள் டிக்கிகளுக்குள் சிக்கி வெப்பத்தால் இறந்தனர். அவற்றுக்குப் பின்னரே அந்நாட்டின் 401ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி திருத்தப்பட்டு, 2001 செப்டம்பர் 1 முதல் டிக்கியுள்ள புதிய கார்கள் எல்லாவற்றிலும் உள்ளிருந்து திறக்கும் பொறி கட்டாயமாயிற்று. மூடிய டிக்கியின் இருட்டிலும் அந்தக் கைப்பிடி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் விதியில் உண்டு. இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக் கைப்பிடிகள் வந்தது அதனால்தான்.

நம் பழைய கார்கள் எல்லாம் அந்த விதிக்கு முந்தியவை. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். பகல் வெப்பம் 31, 32 டிகிரியில் நிற்கும் இந்த ஊரில், வெயிலில் நிற்கும் காரின் டிக்கிக்குள் என்ன நடக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பழைய கார் என்றால் தனி ஆசை. ஏறுவார்கள், ஒளிந்து விளையாடுவார்கள். டிக்கியை எப்போதும் பூட்டிவைப்பது முதல் காவல். அதையும் மீறி ஒரு பிள்ளை உள்ளே போய்விட்டால் திறந்துகொண்டு வர வேண்டும். ஆகையால் நாக்கோடு இணைந்த கேபிளின் இன்னொரு முனையில் ஒளிரும் டி வடிவக் கைப்பிடியைக் கட்டி, ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். சிறிய விரல்களின் பலத்துக்கு அது அசைய வேண்டும் என்பதால் இழுவிசையைத் தராசுக் கொக்கியால் இழுத்துப் பார்த்து, நெம்பின் நீளத்தைக் கூட்டிக் கூட்டிச் சரிசெய்தேன். ஒளிரும் பொருள் வெளிச்சம் பட்டால்தான் பிறகு இருட்டில் ஒளிரும். மாதக்கணக்கில் மூடியே கிடக்கும் டிக்கியில் அது மங்கிவிடும். எனவே டிக்கிக்குள் ஒரு சிறு எல்இடி விளக்கையும் அதன் சொந்தப் பேட்டரியோடு வைத்திருக்கிறேன். அக்காள் மகளை அழைத்து, டிக்கியைத் திறந்து வைத்தபடியே கொக்கியை மட்டும் விரலால் மூடி, கைப்பிடியை இழுத்துத் திறக்கச் சொன்னேன். "இவ்ளோதானா மாமா?" என்றாள். பிள்ளைகளை உள்ளே வைத்து மூடிச் சோதிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

எளிதில் திறக்கும் மூடி ஓடும்போது தானாகத் திறந்துவிடக் கூடாது என்பதும் இதே அளவுக்கு முக்கியம். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், திறந்த டிக்கி வழியாகப் புகைபோக்கியின் புகை காருக்குள் இழுக்கப்படும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தொடக்ககால மினியில், கீழ்நோக்கித் திறக்கும் டிக்கி மூடியோடு நீண்ட பொருள்களை ஏற்றி ஓட்டும்போதும் எண் தெரியவேண்டும் என்று எண்பலகையைக் கீலில் தொங்கவிட்டிருந்தார்கள். புகை உள்ளே வருவது தெரிந்த பிறகு அந்த அமைப்பு கைவிடப்பட்டது. எங்கள் காரில் பொத்தான் டாஷ்போர்டுக்குக் கீழே, முழங்கால் இடிக்காத இடத்தில், மேலே ஒரு மூடியோடு இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ரிலேக்கு மின்சாரம் போகாதபடி இன்னொரு ரிலேயையும் வைத்திருக்கிறேன்.

கழற்றிய அசல் பாகங்கள் அனைத்தும் பெயர் எழுதிய பையில், கழற்றிய நாளும் இடமும் குறிக்கப்பட்டு, வீட்டுச் சேமிப்பறையில் இருக்கின்றன. மின்சுற்றின் வரைபடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் காரின் ஆவணங்களோடு வைத்திருக்கிறேன். பின் இருக்கைக்குக் கீழே உள்ள வளையம் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கும் அக்காவுக்கும் காட்டியாயிற்று. எஞ்சியிருப்பது வலப்பக்க மூலையில் இறுகிவிட்ட ரப்பர் பட்டை. வரும் பொங்கலுக்கு முன்பு அதை மாற்ற வேண்டும். மாற்றிய அன்றே ஸ்டிரைக்கரின் உயரத்தையும் கைப்பிடியின் இழுவிசையையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.